ஒரு பங்கு சாறு, முப்பது பங்கு தண்ணீர்

பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் "பயிர் அறிவியல்" என்பேன். அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏம்மா, மருத்துவத்துக்கு இடம் கிடைக்கலையா?" திருமண வீடு, தீபாவளி விருந்துபசரிப்பு, கோயில் திருவிழா என எங்கே போனாலும் இதே கேள்விதான். பெண் பிள்ளை சேற்றில் இறங்கி என்ன செய்யப் போகிறாள் என்ற கவலை சிலருக்கு. சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். ஆனால் கடந்த பருவத்தில் ஒரு போத்தல் முருங்கைச் சாறு எனக்குக் கற்றுக்கொடுத்ததை அவர்களிடம் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாட்டி வீட்டு முருங்கை

சுங்கை பட்டாணியை அடுத்துள்ள என் பாட்டி வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை மரம் உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்திலேயே லயத்துக்குப் பின்னால் முருங்கை வைத்திருந்தவர் பாட்டி. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது ஒரு கிளையை வெட்டி எடுத்து வந்து புது வீட்டில் நட்டார். கீரை சமைத்த பிறகு மிஞ்சும் காம்புகளையும் கழுவிய தண்ணீரையும் கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றுவார். "முருங்கைத் தண்ணி பட்ட செடி சோர்ந்து போகாது" என்பது அவர் பேச்சு.

பருவ விடுமுறையில் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. தேடிப் படித்தேன். பாட்டியின் கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சியே இருந்தது. மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவா நாட்டில் இளம் முருங்கைத் துளிர்களை அரைத்து, வடிகட்டி, ஒரு பங்கு சாற்றுக்கு முப்பது பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் கலந்து பயிர்களுக்குத் தெளித்திருக்கிறார்கள். விளைச்சல் 20 முதல் 35 விழுக்காடு வரை கூடியது என்று 2001-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில் இதே அளவில் கலந்த சாற்றைக் கோதுமைக்குத் தெளித்துப் பார்த்தார்கள். உப்பு மண்ணிலும், பருவம் தப்பி விதைத்த வயலிலும்கூட இலைகள் கூடுதல் நாள் பச்சையாக இருந்தன, மணியின் எடையும் கூடியது என்று எழுதியிருக்கிறார்கள்.

இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் சியாட்டின் என்ற இயக்குநீர். செல்கள் பிரிந்து பெருகவும், இலை சீக்கிரம் முதிர்ந்து மஞ்சளாகாமல் இருக்கவும் உதவும் சைட்டோகைனின் வகையைச் சேர்ந்தது அது. 1963-ஆம் ஆண்டில் இளம் சோள மணிகளிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. சோளத்தின் அறிவியல் பெயரான சியா மேய்ஸ் என்பதிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. முருங்கை இலையில் இந்தப் பொருள் தாராளமாக உண்டு.

நாம் உண்ணும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2021, 2022-ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உர விலை எகிறியதும் நினைவிருக்கும். வீட்டுக்குப் பின்னால் வளரும் இலை நம் நெல்லுக்கு உதவினால் எவ்வளவு நல்லது! என் தலைப்பு முடிவாகிவிட்டது: நெற்பயிரின் வளர்ச்சியில் முருங்கை இலைச் சாற்றின் விளைவு. விடை என்ன வரும் என்பதையும் மனதுக்குள் நானே முடிவு செய்துவிட்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

கொடுத்துவிட்ட போத்தல்

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம் யான் வட்டாரத்தில், குனோங் ஜெராய் மலைக்கு அப்பால் நெல் பயிரிடுகிறது. ஏறத்தாழ 1 லட்சம் எக்டர் பரப்புள்ள மூடா நீர்ப்பாசனப் பகுதியில் அவர்களுடைய வயலும் அடக்கம். பாட்டி வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. விடுமுறை முடியும் தறுவாயில் அவள் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் இரவு பாட்டியும் நானும் ஒரு கிலோ இலையை உருவி, பிளெண்டரில் அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்தோம். கிடைத்தது அரை லிட்டர். அந்தப் போத்தலைத் தோழியின் அப்பாவிடம் நீட்டினேன்.

"பாக் சிக், இது முருங்கைச் சாறு. நெல்லுக்கு நல்லது. முயன்று பாருங்கள்" என்று மலாயில் சொன்னேன். எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எப்போது, எதில் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கே அது தெளிவாகத் தெரியாது. படித்த ஆர்வத்தில் கொடுத்துவிட்டேன்.

சிலாங்கூரில் உள்ள என் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் முதல் சோதனையைத் தொடங்கினேன். மார்டி உருவாக்கிய எம்ஆர்297 ரக நெல். வடிதாள் விரித்த கண்ணாடித் தட்டு ஒவ்வொன்றிலும் 25 விதைகள். சில தட்டுகளில் கலப்பில்லாத சாறு, சிலவற்றில் பத்துக்கு ஒன்று, சிலவற்றில் முப்பதுக்கு ஒன்று, மிச்சத்தில் வெறும் தண்ணீர்.

ஏழாம் நாள் காலை தட்டுகளைத் திறந்தேன். தண்ணீர்த் தட்டுகளில் விதைகள் பச்சை ஊசிகளாக நிமிர்ந்து நின்றன. முப்பதுக்கு ஒன்று கலந்த தட்டுகளும் ஏறத்தாழ அதே போலத்தான். பத்துக்கு ஒன்று கலந்தவற்றில் முளை வந்திருந்தது, ஆனால் வேர் குட்டையாகப் பழுப்பேறிக் கிடந்தது. கலப்பில்லாத சாறு ஊற்றிய தட்டுகளில் புளித்த வாடை. பூசணம் படர்ந்திருந்தது. முளைத்தவை ஒன்றிரண்டுதான்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தப் போத்தல்தான். தோழியின் கைப்பேசியை வாங்கி அவள் அப்பாவை அழைத்தேன். அவர் ஏற்கெனவே ஒரு கிலோ விதை நெல்லை அந்தச் சாற்றில், கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, ஓர் இரவு முழுக்க ஊறவைத்து நாற்றுத் தட்டில் பரப்பிவிட்டார். மறுநாள் படம் அனுப்பினார். தட்டில் பாதிக்கு மேல் வெறுமை. "பரவாயில்லை, கொஞ்ச விதைதானே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இயற்கை என்றால் இதமானது என்று பொருளில்லை

ஒரே இலை ஏன் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது? செடியால் எதிரியைக் கண்டு ஓட முடியாது, பக்கத்துச் செடியைத் தள்ளிவிடவும் முடியாது. அதனால் தன் இலையிலும் வேரிலும் பலவகை வேதிப்பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அவற்றால் ஒரு செடி இன்னொரு செடியின் வளர்ச்சியைப் பாதிப்பதை அல்லலோபதி என்கிறோம். 1937-இல் ஹான்ஸ் மோலிஷ் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கொடுத்த பெயர் அது. தானியப் பயிரான வெள்ளைச் சோளத்தை நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றை, கோதுமை வயலில் களையை அடக்கவே பாகிஸ்தானில் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டில் நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட பார்த்தீனியம் களையும் அப்படித்தான். அதன் இலைச் சாறு பல பயிர்களின் விதை முளைப்பைத் தடுக்கக்கூடியது.

முருங்கை அவ்வளவு முரட்டுச் செடி அல்ல. ஆனாலும் கெட்டியான சாற்றில் பீனால் வகைப் பொருள்கள் அதிகம். உப்பும் சர்க்கரையும் அதிகம் என்பதால் சவ்வூடு பரவலின்படி விதைக்குள் தண்ணீர் புகுவது கடினமாகிறது. படிவம் நான்கு உயிரியலில் உருளைக்கிழங்குத் துண்டைச் சர்க்கரைக் கரைசலில் போட்டுச் சுருங்கவைத்த சோதனை நினைவிருக்கிறதா? அதே கதைதான். போதாக்குறைக்குப் புளிக்கத் தொடங்கிய சாறு பூசணத்துக்கு விருந்து. அதனால்தான் பிழிந்த சாற்றைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் உறையவைக்க வேண்டும். நான் கொடுத்ததோ முதல் நாள் இரவே பிழிந்த சாறு.

உணவா, சைகையா?

பாட்டியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க அம்மா ஊர்ல எருக்கந்தழை, புங்கந்தழை, வேப்பந்தழைன்னு வண்டி வண்டியா வயல்ல போட்டு மிதிப்பாங்களாம். இலை எப்படிக் கெடுக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடை தேடிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

100 கிராம் பச்சை முருங்கை இலையில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது. புரதத்தின் எடையை 6.25-ஆல் வகுத்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் கிடைக்கும். அது ஏறத்தாழ ஒன்றரை கிராம். ஓர் எக்டர் வயலுக்கு 300 லிட்டர் கலவை தெளிப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் முப்பதில் ஒரு பங்கு, சுமார் 9 முதல் 10 லிட்டர் வரை சாறு. கிலோவுக்கு அரை லிட்டர் என்ற எங்கள் வீட்டுக் கணக்கில் 18 முதல் 20 கிலோ வரை இலை. அத்தனை இலையின் தழைச்சத்தும் சாற்றுக்குள் வந்துவிட்டதாகவே வைத்தாலும் 300 கிராம்கூடத் தேறாது. ஓர் எக்டர் நெல்லுக்குத் தேவைப்படுவதோ 100 கிலோ அளவில். கடலில் ஒரு கரண்டி!

பாட்டியின் அம்மா ஊரில் வண்டி வண்டியாகப் போட்ட தழை சேற்றில் மட்கி உரமானது. அது பயிருக்கு உணவு. நான் தெளிக்கும் சாறு உணவு அல்ல. அது வேலை செய்தால் இயக்குநீரின் வேலையாகத்தான், ஒரு சைகையாகத்தான் இருக்க முடியும். சைகை மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும், அளவு மீறினால் எதிராகவும் திரும்பும். உணவு, சைகை என்ற இந்த வேறுபாடு புரியாமல் "உரத்துக்குப் பதில் இலைச் சாறு" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிவிடாதீர்கள். உரத்தை நிறுத்திவிட்டுச் சாற்றை மட்டும் தெளித்தால் பயிர் பட்டினிதான் கிடக்கும்.

இதே போன்ற கணக்கு ஒருமுறை ஒரு கண்டுபிடிப்புக்கே வழிவிட்டிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ரீஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் குதிரை மசால் என்ற தீவனப் பயிரின் உலர்ந்த தழையை நறுக்கிச் செடிகளுக்கு அருகில் இட்டார்கள். தழையில் இருந்த சத்தை வைத்து விளக்க முடியாத அளவுக்குச் செடிகள் வளர்ந்தன. வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று தேடி, ட்ரையகான்டனால் என்ற மெழுகுப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 30 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு வகை ஆல்கஹால் அது. நெல் நாற்றுகளின் வளர்ச்சியைக்கூட அது தூண்டியது. 1977-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் அந்த ஆய்வு வெளியானது. ஆனால் பிறகு வயலில் சோதித்தபோது சில இடங்களில் பலன் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வந்த விடை வயலுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

வெளிச்சத்தில் நின்ற வரிசை

தட்டுச் சோதனைக்குப் பிறகு தொட்டிச் சோதனை. கொட்டகையில் 16 தொட்டிகள். நான்குக்கு எதுவும் தெளிக்கவில்லை. நான்குக்கு வெறும் தண்ணீர். நான்குக்கு முப்பதுக்கு ஒன்று. நான்குக்குப் பத்துக்கு ஒன்று. வெறும் தண்ணீர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தெளிப்பதால் இலை குளிர்கிறது, தூசு கழுவப்படுகிறது, மண்ணும் கொஞ்சம் நனைகிறது. அந்த நன்மையைச் சாற்றின் கணக்கில் எழுதிவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் அந்த ஒப்பீடு.

நாலாவது வாரத்தில் முப்பதுக்கு ஒன்று தெளித்த தொட்டிகள் எல்லாவற்றையும்விட உயரமாக, கரும்பச்சையாக நின்றன. துள்ளிக் குதிக்காத குறைதான். படம் எடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டேன். மாமா ஒருவர் உடனே அழைத்தார். "போத்தல்ல அடைச்சு விக்கலாம்மா. உன் படத்தையே விளம்பரத்துக்குப் போட்டுக்கலாம்" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் மாலை கொட்டகைக்குப் போனபோதுதான் கவனித்தேன். நான் தொட்டிகளைச் சிகிச்சை வாரியாக வரிசை வரிசையாக அடுக்கியிருந்தேன். முப்பதுக்கு ஒன்று வரிசை கொட்டகையின் வெளி ஓரத்தில் இருந்தது. கூரையின் நிழல் படாத ஒரே வரிசை அதுதான். மாலை வெயில் அதன் மேல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. உயரத்துக்குக் காரணம் முருங்கையா, வெயிலா? சொல்ல வழியே இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. தொட்டிகள் எங்கே இருந்தன என்பதை அறிக்கையில் எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அட்டவணை அழகாக இருக்கும், மதிப்பெண்ணும் நன்றாக வரும். ஆனால் யானில் பாதி வெறுமையாகக் கிடந்த அந்த நாற்றுத் தட்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னதால் ஏற்கெனவே ஒருவர் விதையை இழந்துவிட்டார். என் அறிக்கையைப் படித்து இன்னும் எத்தனை பேர் நம்புவார்களோ?

மறுநாள் என் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நடந்ததை அப்படியே எழுதுங்கள். பருவம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, மறுபடியும் வையுங்கள்" என்றார். இந்த முறை சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்தத் தொட்டி எங்கே என்று முடிவு செய்தேன். வாரம் ஒருமுறை இடத்தை மாற்றினேன். மாமாவிடம் படத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

இரண்டாம் சுற்றின் முடிவு: முப்பதுக்கு ஒன்று தெளித்த செடிகளின் இலை பார்வைக்குச் சற்றே கூடுதல் பச்சை. ஆனால் உயரத்திலும் தூர்களின் எண்ணிக்கையிலும் தண்ணீர் மட்டும் தெளித்தவற்றுக்கும் இவற்றுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. பத்துக்கு ஒன்று தெளித்தவற்றில் இரண்டு தொட்டிகளில் இலை நுனி கருகியிருந்தது. அறிக்கையில் இதைத்தான் எழுதினேன்.

அப்படியானால் முருங்கைச் சாறு பயனற்றதா? அப்படிச் சொல்லவும் என் 16 தொட்டிகள் போதாது. என் செடிகளுக்குத் தண்ணீர், உரம், நல்ல மண் என ஒரு குறையும் இல்லை. பைசலாபாத்தில் பலன் தெரிந்ததோ உப்பும் வெப்பமும் வாட்டிய பயிரில். சௌகரியமாக இருக்கும் செடிக்கு வெளியிலிருந்து சைகை தேவைப்படாமல் இருக்கலாம். அடுத்த பருவத்தில் நான் கேட்கப் போகும் கேள்வி இதுதான்: உப்பேறிய மண்ணில் நெல்லுக்கு இந்தச் சாறு உதவுமா?

ஒரு ரெலோங்குக்கு எவ்வளவு?

பருவம் முடிந்ததும் மீண்டும் யானுக்குப் போனேன். கையில் சாறு இல்லை. பசாரில் வாங்கிய பழமும் ஒரு கிலோ விதை நெல்லும்தான் இருந்தன. பாக் சிக் நெல்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வரப்பில் உட்கார்ந்து முடிவுகளைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு ரெலோங்குக்கு எத்தனை கிலோ இலை வேண்டும்?"

கெடாவில் வயலை இன்னமும் ரெலோங் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரு ரெலோங் என்பது எக்டரில் பத்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. அங்கேயே கைப்பேசியில் கணக்குப் போட்டேன். ஒரு தெளிப்புக்கு ஐந்து, ஆறு கிலோ இலை. மூன்று முறை தெளித்தால் பதினைந்து கிலோவுக்கு மேல். ஒவ்வொரு முறையும் அன்றே உருவி, அன்றே அரைத்து, அன்றே தெளிக்க வேண்டும். "இலை கிடைக்கும். உருவுவதற்கு ஆள்?" என்றார். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் படிக்காத கேள்வி அது.

அவருடைய கடைசிப் பாத்தி கடலோரம். பெரிய அலை வரும் நாட்களில் வாய்க்காலில் உப்பு ஏறிவிடும் என்றார். அடுத்த போகத்தில் அந்தப் பாத்தியில் ஒரு மூலையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் சொல்லாமலேயே ஒரு நிபந்தனையும் போட்டார்: பாதிக்குச் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். "இல்லாவிட்டால் எப்படித் தெரியும்?" என்றார்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இதைப் படிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பல்கலைக்கழகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் முழுக் கேழ்வரகு கிடைக்கும். வறுக்காததாகப் பார்த்து வாங்குங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில் டிஷ்யூ விரித்து, ஒவ்வொன்றிலும் 25 மணிகள் வையுங்கள். மூன்று டப்பாவுக்கு வெறும் தண்ணீர், மூன்றுக்கு முப்பதுக்கு ஒன்று கலந்த சாறு, மூன்றுக்குக் கலப்பில்லாத சாறு. முருங்கை இல்லையென்றால் வேப்பிலை, துளசி என எதையும் எடுத்துக்கொள்ளலாம். அன்றே பிழிந்த சாறாக இருக்கட்டும். எல்லா டப்பாவிலும் ஒரே அளவு ஊற்றுங்கள். சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். ஒரு வாரம் கழித்து எத்தனை முளைத்தன என்று எண்ணி, வேரின் நீளத்தை அடிக்கோலால் அளந்து எழுதுங்கள்.

எண்ணுவதற்கு முன் விடையை முடிவு செய்துவிடாதீர்கள். எதிர்பார்த்தது வராவிட்டால் அதையும் எழுதுங்கள். சாறு தீர்ந்துபோனால் மறுபடி பிழிந்துகொள்ளலாம். தண்ணீர் டப்பாவை மட்டும் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

பாட்டியிடம் முடிவைச் சொன்னேன். "அப்ப என் கறிவேப்பிலை நல்லா வந்ததுக்கு என்ன காரணம்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். இப்போது அவர் வீட்டில் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கீரை கழுவிய தண்ணீர், மற்றொன்றுக்குக் குழாய்த் தண்ணீர். எது எது என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்.